அயலானுடைய பாட்டு

தியானப் பகுதி: யாத்திராகமம் 23:9; எசேக்கியேல் 12:1–16



இந்த வாரம் உங்களை ஒரு பள்ளிக்கூட நாடகத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாடகம் நடந்த ஆண்டு 1969. இடம், நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் உள்ள பிரவுன்ஸ்வில் என்னும் ஏழ்மையான பகுதி. நடித்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகளும் புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த பிள்ளைகளும். அவர்கள் மேடையேற்றியதோ, ஜார் மன்னன் ஆண்ட ரஷ்யாவில் வாழ்ந்த ஓர் ஏழை யூதப் பால்காரனுடைய கதை: 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்', கூரையின்மேல் நின்று பிடில் வாசிக்கிறவன் என்னும் இசைநாடகம்.

உங்களில் சிலர் 1971-இல் வெளிவந்த இதன் திரைப்படத்தைப் பார்த்திருக்கலாம். அதை இயக்கியவர் நார்மன் ஜூயிசன். பெயரைக் கண்டு அவரை யூதர் என்று எண்ணியவர்கள் அநேகர். அவரோ கனடா நாட்டுப் புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவர். மேடை நாடகம் அதற்கு முன்னே, 1964 செப்டம்பரில், நியூயார்க் பிராட்வேயில் தொடங்கி 1972 வரை 3,242 முறை நிகழ்ந்தது. இசை ஜெரி பாக், பாடல்கள் ஷெல்டன் ஹார்னிக், உரையாடல் ஜோசப் ஸ்டைன், இயக்கம் ஜெரோம் ராபின்ஸ். மூலக்கதை, இத்திஷ் மொழியின் பெரும் எழுத்தாளர் ஷோலெம் அலெய்கெம் 1894 முதல் எழுதிவந்த தெவ்யே கதைகள். 1905-ஆம் ஆண்டு கீவ் நகரில் யூதர் தாக்கப்பட்டதைக் கண்டு ரஷ்யாவைவிட்டு வெளியேறியவர் அவர். 1916-இல் நியூயார்க்கில் மரித்தார்.

கதை எளியது. அனத்தெவ்கா என்னும் சிற்றூரில் தெவ்யே என்கிற பால்காரனுக்கு ஐந்து பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வசதியுள்ள இறைச்சிக் கடைக்காரனைப் பேசி முடிக்கிறான். அவளோ ஏழைத் தையற்காரனை விரும்புகிறாள். தெவ்யே தேவனோடு வழக்காடி, தன்னோடு தான் வழக்காடி, இணங்குகிறான். இரண்டாமவள் ஒரு புரட்சிக்காரனை விரும்பி, அவன் நாடுகடத்தப்பட்ட சைபீரியாவுக்கே போகிறாள். அதற்கும் இணங்குகிறான். மூன்றாமவள் ஒரு கிறிஸ்தவ வாலிபனோடு போய்விடுகிறாள். அங்கே அவன் உடைந்துபோகிறான். கடைசியில் அரசாங்க உத்தரவு வருகிறது: மூன்று நாளில் யூதர் யாவரும் ஊரைக் காலிசெய்ய வேண்டும்.

இனி பிரவுன்ஸ்வில்லுக்கு வருவோம். அந்தப் பகுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யூதக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த இடம். 1960-களில் அவர்களில் பெரும்பாலோர் வெளியேறியிருந்தனர். கறுப்பினக் குடும்பங்களும் புவெர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் குடியிருந்தன. பள்ளிகளில் ஆசிரியர்களோ பெரும்பாலும் யூதர். தங்கள் பிள்ளைகளின் படிப்பைக் குறித்துத் தங்களுக்கும் அதிகாரம் வேண்டும் என்று பெற்றோர் கேட்டனர். ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியில் சோதனை முயற்சியாக உள்ளூர்க் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1968 மே மாதத்தில் அந்தக் குழு 19 ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் அங்கிருந்து அனுப்பிவிட முற்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் யூதர். ஆசிரியர் சங்கம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தது. 36 பள்ளி நாட்கள். நகரம் முழுவதும் ஏறத்தாழ பத்து இலட்சம் பிள்ளைகளுக்கு வகுப்பில்லை. யூதரை இகழும் துண்டுப் பிரசுரங்கள் சுற்றின. கறுப்பினப் பெற்றோரை இகழும் வார்த்தைகளும் தெருவில் ஒலித்தன. ஏறக்குறைய ஒரே மேசையில் அமர்ந்து உரிமைகளுக்காகப் போராடிய இரு சமுதாயங்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிய காலம் அது.

அந்தக் காயம் ஆறுமுன்னே, ரிச்சர்ட் பிரோ என்னும் ஆசிரியர் பிரவுன்ஸ்வில்லின் ஒரு நடுநிலைப் பள்ளியில் இந்த யூத நாடகத்தை எடுத்தார். பள்ளிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. இந்தப் பிள்ளைகள் இதை நடித்தால் பரிகாசமாகிவிடுமோ என்கிற அச்சம் சிலருக்கு. அதை நாம் எளிதில் குறைசொல்ல முடியாது. தன் பாட்டனுடைய ஜெபச் சால்வையை அந்நியன் ஒருவன் வேஷப்பொருளாகப் போர்த்திக்கொள்ளும்போது யாருக்குத்தான் நெஞ்சு துடிக்காது? ஆயினும் பிள்ளைகள் பின்வாங்கவில்லை. நாடகம் நடந்தது. ஏபிசி தொலைக்காட்சி அதே ஆண்டில் அதைப்பற்றி ஆவணப்படம் ஒளிபரப்பியது. பிரோ பின்னர் அதை ஒரு நூலாகவும் எழுதினார்.

தொழில்முறை நடிகர் ஒருவருக்கு வேஷம் என்பது வேலை. இன்று ராஜா, அடுத்த மாதம் திருடன். அமெச்சூர் குழுவில் அப்படியல்ல. 'அமெச்சூர்' என்னும் சொல்லே இலத்தீனில் 'நேசிக்கிறவன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. பகலெல்லாம் வேறு பாடுகள். மாலையில் மட்டும் ஒத்திகை. ஒரே பாட்டைப் பல வாரங்கள், நாக்கில் தழும்பேறும்வரை பாடியாக வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அயலூரார் அல்லர்; தாயும் அத்தையும் எதிர்வீட்டுக்காரரும்தாம். அவர்கள் முன்னிலையில், தன் தெருவில் நேற்றுவரை வசைச்சொல்லாயிருந்த ஒரு பெயரைத் தன் பெயராகச் சூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த நாடகம் கேட்பதும் கொஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை மாலையில் ஓய்வுநாள் விளக்கேற்றித் தாயும் தகப்பனும் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் பாட்டு இருக்கிறது. விதானத்தின்கீழ் நடக்கும் திருமணம் இருக்கிறது; மணமகன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைக்க வேண்டும். அந்தத் திருமண விருந்தின் நடுவிலே ரஷ்யர்கள் புகுந்து எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டுப் போன பிறகு, சிதறினவற்றைக் குனிந்து பொறுக்க வேண்டும். அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களின் சந்ததியார், தென்மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி வடக்கே மூட்டை கட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மேடையில் மூட்டை கட்டி அனத்தெவ்காவைவிட்டுப் புறப்பட்டார்கள்.

எசேக்கியேல் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தீர்க்கதரிசி நடிக்கிறார். பகலிலே சிறையிருப்புக்குப் போகிறவனைப்போலத் தன் சாமான்களை எடுத்து வெளியே வைக்கிறார். மாலையில் எல்லாரும் பார்க்கச் சுவரில் துவாரமிட்டு, தோளில் சுமையேற்றி, முகத்தை மூடிக்கொண்டு வெளியேறுகிறார். பிரசங்கத்தால் கேளாத ஜனத்துக்குக் கர்த்தர் நாடகத்தை அனுப்பினார். வேதாகமக் கல்லூரியில் இதைத் தீர்க்கதரிசன அடையாளச் செய்கை என்று படித்தோம். எனக்கென்னவோ அந்தப் பெயர் கொஞ்சம் வறண்டதாகவே தோன்றுகிறது. தோளில் உண்மையான சுமை. கையில் உண்மையான மண்.

யாத்திராகமம் 23:9 இன்னும் ஆச்சரியமானது. அந்நியனை ஒடுக்காதிருக்கும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். காரணமாக, எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தபடியால் அவனுடைய உள்ளம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும் என்கிறார். எபிரெயத்தில் 'நெஃபெஷ்' என்கிற சொல் இங்கே வருகிறது. உயிர், ஆத்துமா, உள்ளம் யாவையும் அது குறிக்கும். இந்தக் கட்டளை எகிப்தைக் கண்ட தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. எகிப்தைக் காணாத பேரனுக்கும், அவனுடைய பேரனுக்கும் அதே வார்த்தை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? நடித்துத் தெரிந்துகொண்டார்கள். வருஷந்தோறும் பஸ்காவில் கசப்பான கீரையைத் தின்று புறப்பாட்டைத் திரும்ப நடத்தினார்கள். நல்ல வீடு இருக்கையிலே ஏழு நாள் கூடாரத்தில் குடியிருந்தார்கள் (லேவியராகமம் 23:42, 43). வனாந்தரத்தை மறவாதிருக்கக் கர்த்தர் ஏற்படுத்திய ஒத்திகை அது.

இவ்விடத்தில் நான் நிறுத்தியிருந்தால் இந்தத் தியானம் இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் நாடகத்தில் கிறிஸ்தவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்களா? திருமண விருந்தை நொறுக்குகிறவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். வெளியேற்றும் உத்தரவைக் கொண்டுவருகிறவன் ஞானஸ்நானம் பெற்றவன். அது கற்பனை அன்று. 1903 ஏப்ரலில், இன்று மால்டோவாவின் தலைநகராயிருக்கும் கிஷினெவ் நகரில், யூதருக்கு எதிரான கொலைவெறி உயிர்த்தெழுதல் ஞாயிறன்று தொடங்கியது. இரண்டு நாளில் 49 யூதர் கொல்லப்பட்டனர். உயிர்த்தெழுதல் ஞாயிறு!

அந்த நகரத்தின் தேவாலயங்களில் யாருடைய பாட்டுகள் பாடப்பட்டன? தாவீதின் சங்கீதங்கள், யூதருடைய பாட்டுகள். மற்றவருடைய பாட்டைப் பாடினால் அவர்மேல் அன்பு பிறக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி இது என் வாயை அடைக்கிறது. இரண்டாயிரம் வருஷமாய்ச் சபை யூதருடைய பாட்டைப் பாடுகிறது. அதைப் பாடின வாயோடே அவர்களைச் சபித்தும் இருக்கிறது.

பிரவுன்ஸ்வில் பிள்ளைகளுக்கும் கிஷினெவ் சபையாருக்கும் என்ன வேறுபாடு? நான் கண்ட விடை இது. சங்கீதங்களை நாம் நம்முடையவை என்றே பாடிப் பழகிவிட்டோம். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் அழுதவர்கள் யாரோ சிலருடைய பாட்டன்மார், பாட்டிமார் என்பதே மறந்துபோயிற்று. பாட்டை எடுத்துக்கொண்டோம், பாடினவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ அப்படி மறக்க வழியில்லை. இது அவர்களுடைய கதை அன்று, தங்களோடு சண்டையில் இருக்கிற அடுத்த தெருக்காரனுடைய கதை என்று ஒவ்வோர் ஒத்திகையிலும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே பாடினார்கள்.

1967-இல் டோக்கியோவில் இந்நாடகம் ஜப்பானிய மொழியில் மேடையேறியபோது, அங்கிருந்த தயாரிப்பாளர் ஒருவர், அமெரிக்கர்களுக்கு இது புரிகிறதா, இவ்வளவு ஜப்பானியத் தன்மை உள்ளதாயிற்றே என்று தம்மிடம் கேட்டதாக ஜோசப் ஸ்டைன் பலமுறை கூறியிருக்கிறார். எல்லாரும் இரசிக்கும் செய்தி இது, நானும் இரசித்தேன். எங்கும் தகப்பன்மார் உண்டு, பெண் பிள்ளைகள் உண்டு, மாறும் காலம் உண்டு. என்றாலும், இது எங்கள் கதையே என்று சொல்வதைவிட, இது உங்கள் கதை, இதற்குள் நான் சற்றுநேரம் நிற்கலாமா என்று கேட்பது கடினம். பவுல் யூதருக்கு யூதனைப்போலானேன் என்கிறபோது (1 கொரிந்தியர் 9:20) அந்த 'போல' என்பதைக் கவனியுங்கள். நம்முடைய ஆண்டவரோ அதற்கும் மேலே போனார். வேஷமாக அல்ல, மாம்சமாகவே நம்மிடையே வந்தார்.

வேஷம் பங்கிடும் நாள் எந்தச் சபையிலும் ஒரு பரீட்சை. கிறிஸ்து பிறப்பின் நாடகத்தில் மரியாளாக எத்தனை பேர் முன்வருகிறார்கள், ஏரோதாக எத்தனை பேர்! சத்திரக்காரனாகக்கூட ஒருவனும் இசைவதில்லை. (லூக்கா சத்திரத்தைச் சொல்கிறாரேயன்றிச் சத்திரக்காரனைச் சொல்லவேயில்லை, பாவம், நாடகங்களில் அவன் இரண்டாயிரம் வருஷத்துத் திட்டு வாங்குகிறான்.) இன்னொன்றும் பாருங்கள்: சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே மதில் எழுப்பிப் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த மதிலின் இருபுறத்துப் பிள்ளைகளும் ஒரே மேடையில் வேஷம் மாற்றி நிற்கும் நாடகத்தை எந்தச் சபைக் கமிட்டி அனுமதிக்கும்?

அனத்தெவ்கா கதையில் எவரும் விரும்பி ஏற்காத வேஷம் காவல் அதிகாரியுடையது. அவன் கொடியவன் அல்லன். தெவ்யேயை அவனுக்குப் பிடிக்கும். ஊரில் ஒரு சிறு கலகம் நடத்தச்சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது என்று நண்பனாக முன்னதாகவே எச்சரிக்கிறான். பிறகு அவனே ஆட்களோடு வந்து நிற்கிறான். மனம் வருந்துகிறான், உத்தரவை நிறைவேற்றுகிறான். நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு கிறிஸ்தவனும், போதகனாகிய நான் உட்பட, ஒருமுறையாவது அந்த அதிகாரியின் வசனத்தை மனப்பாடம் செய்து உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை மரியாதையான வார்த்தைகளால் ஒருவனை ஊரைவிட்டு அனுப்ப முடியும் என்பது அப்போது விளங்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் கடினமான இடம் மூன்றாம் மகளுடையது. அவள் பெயர் ஹாவா. நம் வேதாகமத்தில் ஏவாள் என்று வருகிறதே, அதே எபிரெயப் பெயர். கிறிஸ்தவ வாலிபனை மணந்தாள். மணமுடித்து வைத்தவர் ஊர்ப் பாதிரியார். நம்முடைய கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஓர் ஆத்துமா உள்ளே வந்தது என்று தெரியும். தெவ்யேயின் வீட்டிலிருந்து பார்க்கும்போதோ அது ஒரு மரணம். தன் ஜனத்தை அடிக்கிறவர்களிடத்திற்குத் தன் பிள்ளை போய்விட்டாள். அவள் செத்துப்போனாள் என்று குடும்பத்துக்கு அறிவிக்கிறான்.

நம் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற பலருடைய வீட்டில் ஒரு தெவ்யே உண்டு. எங்கள் சபையில் வாலிபன் ஒருவன் ஞானஸ்நானம் பெற்ற சில வாரங்களுக்குப் பிறகு அவனுடைய தகப்பனாரைக் காணப் போனேன். ஒரே மகன். அவர் என்னைத் துரத்தவில்லை. உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க யார் இருக்கா?" வேதாகமக் கல்லூரியில் எனக்குக் கற்றுத்தந்த விடைகள் சில இருந்தன. அவற்றில் ஒன்றையும் அன்று சொல்லவில்லை. காப்பி ஆறும்வரை அவரோடு அமர்ந்திருந்தேன். அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது போய் வந்தேன். பெரும்பாலும் மழையைப்பற்றியும் அவருடைய முழங்கால் வலியைப்பற்றியும் பேசினோம்.

ஞானஸ்நானத்தை நான் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். தகப்பனையும் தாயையும்விட ஆண்டவரை நேசிக்க வேண்டும் என்பது அவருடைய வாயிலிருந்தே வந்த வார்த்தை (மத்தேயு 10:37). அந்த வாலிபன் அதற்குக் கொடுத்த விலையை நான் அறிவேன். ஆனால் அவன் மட்டும் விலை கொடுக்கவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அந்த மனிதரும், தாம் கேளாத ஒன்றுக்காக, விலை கொடுத்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கூட்டங்களில் மகனுடைய பாட்டைப் பாடுகிறோம். தகப்பனுடைய பாட்டை ஒருவரும் பாடுவதில்லை. அதைப் பாடினால் விசுவாசம் குன்றிவிடும் என்று பயப்படுகிறோம். எனக்கு அந்தப் பயம் இல்லை.

நாடகத்தின் இறுதிக் காட்சியில் ஊர் காலியாகிறது. தெவ்யே தள்ளுவண்டியில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஹாவாவும் அவள் கணவனும் விடைபெற வருகிறார்கள். இப்படிச் செய்கிற ஜனத்தின் நடுவே இனித் தாங்களும் வாழ மாட்டோம் என்று அவர்கள் கிராக்கவ் நகருக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற அந்த வாலிபன் அன்று சொன்னதை அந்த ஊரில் வேறெந்தக் கிறிஸ்தவனும் சொல்லவில்லை. தெவ்யே திரும்பிப் பார்க்கவில்லை. மூத்த மகள் மட்டும் தங்கைக்கு விடைகொடுக்கிறாள். அப்போது கயிற்றை இறுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே, தேவன் அவர்களோடிருக்கும்படி ஓர் ஆசீர்வாதத்தைத் தெவ்யே தாடிக்குள் முணுமுணுக்கிறான். மூத்தவள் அதைக் கேட்டு, தன் வார்த்தையைப்போல உரக்கத் தங்கைக்குச் சொல்லுகிறாள்.

பிரவுன்ஸ்வில்லில் தெவ்யேயாக நின்ற சிறுவனுக்கு அதுவே மிகவும் கடினமான வசனமாயிருந்திருக்கும். மகளுக்குச் சொல்லாதவனைப்போல அதைச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிற தாய்க்கும் அது கேட்க வேண்டும்.